யாருடைய எக்ஸ்-மென்?

எக்ஸ்-மென் பேச்சு வந்தாலே நண்பர்கள் ‘மாரிசன் ரன்’ என்று ஆரம்பிப்பார்கள். 2001 முதல் 2004 வரை மார்வெல் வெளியிட்ட ‘நியூ எக்ஸ்-மென்’, 114ஆம் இதழிலிருந்து 154 வரை. ஆண்டு மலரைச் சேர்க்காமல் 41 இதழ்கள். எழுதியவர் ஒருவர், கிராண்ட் மாரிசன். வரைந்தவர்கள் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரைச் சொல்லச் சொன்னால் ஃப்ராங்க் க்வைட்லியோடு நின்றுவிடும். க்வைட்லி வரைந்ததோ பத்து இதழ்கள். மிச்சத்தை வரைந்தது யார் என்று கேட்டால், “யாரோ ஃபில்-இன் ஆளுங்க ப்ரோ.”

இந்த ‘யாரோ’வோடுதான் எனக்குச் சண்டை.

கதை எழுத்தாளருடையது, ஓவியர் அதைக் காட்டித் தருபவர், ஆள் மாறினால் தோற்றம்தான் மாறும், கதை அப்படியே இருக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நாவல் படித்துப் பழகியவர்கள் காமிக்ஸுக்கு வரும்போது கூடவே எடுத்துவரும் நம்பிக்கை இது. இலக்கிய வாசகர்களிடம்தான் அதிகம் பார்க்கிறேன். சூப்பர் ஹீரோ காமிக்ஸின் வரலாறு முழுக்க இதைப் பொய் என்கிறது. ‘அமேசிங் ஸ்பைடர்-மேன்’ இதழின் முதல் 38 எண்களை வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. அவருடைய பீட்டர் பார்க்கர் கூனல் போட்ட, கண்ணாடி போட்ட, யாரோடும் ஒட்டாத பையன். 1966இல் டிட்கோ விலக, 39ஆம் இதழிலிருந்து ஜான் ரொமிட்டா வந்தார். ரொமிட்டா காதல் காமிக்ஸ் வரைந்து தேர்ந்த கை. சில மாதங்களில் பீட்டர் நிமிர்ந்துவிட்டான், அழகாகிவிட்டான். 42ஆம் இதழில் மேரி ஜேன் கதவருகே வந்து நிற்கிறாள். வசனம் எழுதியவர் இரண்டு காலத்திலும் ஸ்டான் லீதான். ஆனால் அந்த இரண்டு பீட்டரும் ஒரே ஆள் என்று என்னால் சொல்ல முடியாது. போதாததற்கு, டிட்கோ வெறும் படம் போட்டவரும் இல்லை. கடைசி ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கதையமைப்புக்கும் சேர்த்தே அவர் பெயர் அச்சாகியிருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் நாம் ‘ஸ்டான் லீயின் ஸ்பைடர்-மேன்’ என்கிறோம்.

ஆகவே ஓவியர் மாறவே கூடாதா? அப்படிக் கேட்கும் ரசிகர்களும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஆர்க் முடிந்து அடுத்த ஆர்க்குக்கு வேறு ஓவியர் வருவது இந்த வடிவத்துக்கே கிடைத்த வரம். எப்போது மாறுகிறது, யார் முடிவில் மாறுகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு ‘நியூ எக்ஸ்-மென்’னைவிட நல்ல உதாரணம் கிடையாது. இரண்டு விதமும் ஒரே தொடரில் இருக்கின்றன.

பின்பாதியை முதலில் பார்ப்போம். 135 முதல் 138 வரை சேவியர் பள்ளியில் மாணவர் கலகம், முழுக்க க்வைட்லி. தலைமுடி, சட்டை, நிற்கும் தோரணை என்று எல்லாவற்றிலும் விடலைத் திமிர் தெரியும். 139இல் எம்மா ஃப்ராஸ்ட் கொலை விசாரணை. ஃபில் ஹிமெனெஸ் வருகிறார், பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன விவரங்கள், கண் துப்பறிகிறது. 142 முதல் 145 வரை வெப்பன் பிளஸ் கதை, கிறிஸ் பச்சாலோ. கடைசி ஆர்க் 150 வருஷம் தள்ளிய எதிர்காலத்தில் நடக்கிறது. மார்க் சில்வெஸ்ட்ரி வரைகிறார். காலம் மாறியது கோட்டிலேயே தெரிகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கதை. தொடங்கியவரே முடிக்கிறார்.

இப்போது முன்பாதி. 118 முதல் 126 வரை ‘இம்பீரியல்’ தொகுப்பு. 118 ஈத்தன் வான் ஸ்கைவர். 119, 120 இகோர் கோர்டே. 121, 122 க்வைட்லி. 123 மறுபடி வான் ஸ்கைவர். 124, 125 மறுபடி கோர்டே. 126 க்வைட்லி. ஒன்பது இதழ், மூன்று பேர், ஐந்து கைமாற்றம். எம்மாவுக்கு மாதம் ஒரு முகம். இதில் 121ஆம் இதழ் ஏறக்குறைய வசனமே இல்லாதது. ஜீனும் எம்மாவும் சேவியரின் மனத்துக்குள் இறங்கிப் போகிறார்கள், நாம் கட்டம் கட்டமாகப் பின்னால் போகிறோம். அந்த இதழையும் ‘மாரிசன் எழுதியது’ என்றே பாராட்டுகிறார்கள்!

ஏன் இப்படி ஆனது? மாதம் 22 பக்கம். நல்ல பென்சில் ஓவியர் நாளைக்கு ஒரு பக்கம் போடுவார். சனி ஞாயிறு போனால் மாதத்தில் வேலை நாளும் ஏறக்குறைய 22தான். அதாவது கணக்கில் இடைவெளியே கிடையாது, ஒரு நாள் காய்ச்சல் வந்தால் ஒரு பக்கம் கடன். க்வைட்லி நிதானமாக வரைபவர் என்பது துறையில் யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. தெரிந்தேதான் அவரை மாத அட்டவணையில் உட்காரவைத்தார்கள். அட்டவணை உடைந்தபோது கோர்டேயைக் கூப்பிட்டார்கள். கோர்டே குரோஷியாக்காரர், வேகமான கை, அதே காலத்தில் ‘கேபிள்’ தொடரையும் வரைந்துகொண்டிருந்தவர். மாதம் கூட இல்லை, நாள் கணக்கில் எண்ணும் அவகாசத்தில் இதழ்களை முடித்துக் கொடுத்தார். வாசகர்கள் என்ன செய்தார்கள்? முகம் கோணல், அசிங்கம் என்று அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அட்டவணை போட்டவரின் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. இருபது வருஷம் கழித்துப் படிக்க வரும் நம்ம ஊர்ப் பையன்கூட அந்தத் திட்டை அப்படியே வாங்கித் திருப்பிச் சொல்கிறான்.

இது எனக்கு ரொம்பப் பழகின கதை. நான் இருக்கும் மென்பொருள் துறையில் மனிதனுக்கு ‘ரிசோர்ஸ்’ என்று பெயர். ஒரு ப்ராஜெக்டில் ரிலீஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு மாட்யூலை முழுதாகத் தலையில் வைத்திருந்தவரை வேறு டீமுக்குத் தூக்கினார்கள். புதிதாக வந்தவருக்கு ஒரு மத்தியானம் முழுக்க கேடி, அவ்வளவுதான். ரிலீஸ் உடைந்தது. மெயிலில் அடி விழுந்தது வந்தவருக்கு. தூக்கியவர் அந்த மெயிலில் சிசியில்கூட இல்லை.

பதிப்பகம் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் காமிக்ஸ் கடைக்காரர் இதழ் வருவதற்கு மாதங்களுக்கு முன்பே ஆர்டர் கொடுக்கிறார், விற்காததைப் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. சொன்ன மாதம் வராவிட்டால் கல்லாவில் கைவைத்த மாதிரி. சரி. அதற்குத் தீர்வு நடுக்கதையில் ஆளை மாற்றுவதா, முன்கூட்டியே வரையத் தொடங்குவதா? நமக்கு லயன் காமிக்ஸ் வழியாகத் தெரிந்த டெக்ஸ் வில்லரைப் பாருங்கள். சூப்பர் ஹீரோ இல்லை, ரேஞ்சர். ஆனால் 1948இலிருந்து ஓடும் தொடர். இத்தாலியின் போனெல்லி நிறுவனம் பல ஓவியர்களை ஒரே சமயத்தில் வெவ்வேறு கதைகளில் அமர்த்துகிறது. அவரவர் கதையை அவரவர் மாதக்கணக்கில் வரைகிறார்கள். இதழ் தவறாமல் மாதாமாதம் வருகிறது. கதைக்குக் கதை கோடு மாறும், வாசகர் அதைக் கண்டுபிடித்து ரசிப்பார்.

முன்கூட்டியே தொடங்க முடியாதென்றால் தாமதமாகட்டுமே. மேட் ஃப்ராக்‌ஷனும் டேவிட் அஹாவும் செய்த ‘ஹாக்ஐ’ 2012இல் தொடங்கி 2015இல் முடிந்தது. மூன்று வருஷத்தில் 22 இதழ்கள். அதிலும் அஹா தனியாக இல்லை. கேட் பிஷப் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிளம்பிப் போனதும் அவள் கதையை ஆனி வூ வரைகிறார். நியூயார்க்கில் கிளின்ட், அஹாவின் கோட்டில். ஊர் மாறினால் கை மாறும். அவசரத்துக்கு ஆள் மாறியதாகவே தோன்றாது. நாயின் மோப்பத்தை வைத்தே கதை சொல்லும் 11ஆம் இதழை வேறு யாரிடமாவது பத்து நாளில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாமதத்துக்கு அன்றைக்கு முணுமுணுப்பு இருந்தது. இன்றைக்குத் தொகுப்பாக வாங்கிப் படிப்பவருக்கு எந்த இதழ் எத்தனை மாதம் லேட் என்றே தெரியாது. ‘இம்பீரியல்’ தொகுப்பில் அவசரம் இன்னும் அப்படியே கிடக்கிறது.

காமிக்ஸ் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. முதல் பத்தியிலேயே ஓவியர் பெயர் வரட்டும். ‘சித்திரங்கள் அருமை’ என்று கடைசிப் பத்தியில் இரண்டு வார்த்தை போட்டு முடிக்காதீர்கள். மையிட்டவர், வண்ணம் போட்டவர் பக்கம் நான் இன்னும் போகவே இல்லை. அது தனிச் சண்டை. மறுபடி ‘நியூ எக்ஸ்-மென்’ எடுப்பவர்கள் 118க்கு வந்ததும் ஒவ்வொரு இதழிலும் பெயர்ப்பட்டியலைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். கோர்டேயின் பெயர் வரும் இடங்களில், கோணல் முகங்களைத் தாண்டி, அந்த அவகாசத்திலும் அவர் நிழலை எங்கே எப்படி விழவைத்திருக்கிறார் என்று கொஞ்ச நேரம் பாருங்கள்.