ஸ்கேனில் இல்லை என்றால் இல்லையா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு மும்பையில் வங்கியில் குப்பை கொட்டுபவன். உறவினர் ஒருவருக்கு இந்தச் சந்தேகம் வந்து, ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருப்பது அட்ரினல் சுரப்பி. அதில் ஃபியோகுரோமோசைட்டோமா என்று ஓர் அபூர்வமான கட்டி வருவதுண்டு. அட்ரினலின் வகை ஹார்மோன்களை அது கணக்கில்லாமல் கொட்டும். திடீர் தலைவலி, வியர்வை, படபடப்பு, எகிறும் பி.பி. இது இருப்பது தெரியாமல் வேறு எதற்கோ ஆபரேஷன் செய்தால் உயிருக்கே ஆபத்து.

இதைத் தேடுவதற்கு எம்.ஐ.பி.ஜி. என்று ஒரு ஸ்கேன். கதிரியக்க அயோடின் சேர்த்த மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். கட்டி அதை இழுத்துக்கொண்டால் படத்தில் ஒளிரும். ஆனால் அயோடின்-123 வகையில், நல்ல அட்ரினல் சுரப்பிகளிலேயே சுமார் பாதி ஒளிருமாம்! கட்டி இருந்தும் ஒளிராமல் போவது இன்னொரு பக்கம். பி.பி.க்குக் கொடுக்கும் லேபெடலால், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், மூக்கடைப்பு மாத்திரையில் இருக்கும் சூடோஎஃபெட்ரின், இவையெல்லாம் கட்டியை மறைத்துவிடலாம்.

ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதற்காகக் கணக்கில் தப்பே இல்லை என்று எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். ஸ்கேனுக்கு மட்டும் ஏன் போடுகிறோம்?

அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. முதலில் ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் பார்க்கவேண்டும். அது ஏறியிருந்தால்தான் படம், அதுவும் முதலில் சி.டி. எம்.ஐ.பி.ஜி. எல்லாருக்கும் தேவையில்லை. ஆனால் நமக்கோ, பெரிய மெஷினில் எடுத்த படம்தான் வேதவாக்கு.

நம்மைப் போல வெளியூரில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். மருந்து கும்பகோணத்து டாக்டர் எழுதியது, ஸ்கேன் மும்பையில். அப்பா மாத்திரை அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி வருவார், மருந்துச் சீட்டு ஊரிலேயே கிடக்கும். இங்கே கேட்டால் "பி.பி. மாத்திரை, அப்புறம் தூக்கத்துக்கு ஒண்ணு" என்பார். அந்த 'ஒண்ணு' என்ன என்பதில்தான் ரிப்போர்ட்டின் நம்பகத்தன்மையே இருக்கிறது.

ஆகவே என் கட்சி இதுதான். ஸ்கேனுக்குப் பணம் கட்டும் முன் "மெட்டாநெஃப்ரின் பார்த்தாச்சா?" என்று கேளுங்கள். ஊர் மருந்துகளின் முழுப் பட்டியலையும் டாக்டர் கையில் கொடுங்கள். எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை அவர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.