ஃபார்மலினில் போன சதைத்துண்டு

காசநோயாளியை அறிவிக்கத் தவறும் மருத்துவர், ஆய்வகம், மருந்துக்கடை எவரானாலும் அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 269, 270 பிரிவுகள் பாயும் என்றது மார்ச் 2018 அரசிதழ். 2012 முதலே அறிவிப்பு கட்டாயம்தான். அந்த அரசிதழோடு சிறையும் சேர்ந்தது. நுரையீரல் காசநோயைப் பொறுத்தவரை வரவேற்கிறோம்.

தோல் விஷயம் வேறு. கிருமி உறுதியாகாமல் மருத்துவரின் கணிப்பில் சிகிச்சை தொடங்கியவரையும் அறிவித்தாக வேண்டும். லேப்ராஸ்கோபி முடிந்து ஒரு மாதம் கழித்துத் தொப்புள் போர்ட்டில் கெட்டியாக ஒரு முடிச்சு, நீர்த்த சீழ். பயாப்ஸியில் கிரானுலோமா. அறிக்கையின் கடைசி வரி, ‘காசநோயாக இருக்கலாம்’. அன்றே காசநோய்க்கான நான்கு மருந்தும் ஆரம்பம். நோயாளி அரசின் காசநோய்ப் பதிவுத்தளமான நிக்ஷய் கணக்கில் ஏறிவிடுகிறார். கல்ச்சருக்குப் போயிருந்தால் காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியங்களான அப்ஸெஸஸோ ஃபார்ச்சூட்டமோ ஒரு வாரத்தில் தட்டில் தெரிந்திருக்கும். ஐசோனியசிட், பைரசினமைடுக்கு அவை மசிவதில்லை.

முழுத் துண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சருக்கு எதை அனுப்புவது? இதே பக்கத்தில் பல முறை கேட்டுவிட்டோம். சரியாக அனுப்பினாலும் ஆய்வகம் 37 டிகிரியில் வைக்கிறது. அதே வகையைச் சேர்ந்த மரைனத்துக்கும் ஹீமோஃபைலத்துக்கும் 30 டிகிரி வேண்டும். ஹீமோஃபைலத்துக்கு இரும்பும் வேண்டும், சாக்லேட் அகர் போதும். மீன்தொட்டி கழுவுபவரின் விரலில் தொடங்கி முழங்கை வரை ஏறிய முடிச்சுகளுக்கு ‘வளர்ச்சி இல்லை’ என்று பதில் வரும். மரைனம் ரிஃபாம்பிசின், எதாம்பியூட்டாலுக்கு ஆறியும் தொலைக்கும். தவறான நோயறிதல் சரியென்றே கோப்பு மூடப்படும்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியத்தை அறிவிக்கும் கடமை யாருக்கும் இல்லை. ஒரே அறுவை அரங்கிலிருந்து அடுத்தடுத்து மூன்று போர்ட் புண்கள் வந்தாலும் மூன்றும் தனித்தனிக் காசநோயாகப் பதிவாகும். கருவிகள் ஊறும் குளூட்டரால்டிஹைடு தொட்டிப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். எழுதாத மருத்துவருக்குச் சிறை உண்டு, தவறாக எழுதியவருக்குக் கேள்வியே இல்லை. படிவமும் இணையதளமும் தண்டனையும் கொடுக்க முடிந்த சுகாதாரத் துறைக்கு, மாவட்டத்துக்கு ஒரு 30 டிகிரி இன்குபேட்டர் கொடுக்க மட்டும் ஏன் கை வரவில்லை? சிபிநாட் கருவியைக் காட்டிப் பயனில்லை. அது காசநோய்க் கிருமி உண்டா, அதற்கு ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டா என்பதோடு நின்றுவிடும்.

துறை அசையும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். ஃபார்மலின் குப்பியைத் திறக்கும் முன் துண்டில் பாதியை வெட்டி, கிருமிநீக்கிய சலைனில் நுண்ணுயிரியலுக்கு அனுப்புங்கள். கோரிக்கைச் சீட்டில் ‘30 டிகிரியிலும் வைக்கவும்’ என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள்.