அறுந்த நூலை மறைக்காத தறி

 

அண்மையில் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஒரு நிகாஹ் வீட்டுக்குப் போயிருந்தேன். புத்தளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிய வான்கள் வீதியோரம் வரிசையாக நின்றன. ஏழு வான்களில் ஆறு, டொயோட்டா ஹயஸ்!

"மௌலவி, விலையும் கூட என்றுதானே சொல்றாங்க. பிறகு ஏன் எல்லாரும் இதையே வாங்குறாங்க?" என்று வயதான உம்மா ஒருவர் கேட்டார். நான் வாய் திறக்குமுன் பக்கத்தில் நின்ற ட்றைவர் தம்பி பதில் சொல்லிவிட்டார்: "இது நடுவழியில கைவிடாது உம்மா."

கைவிடாது என்ற அந்த நம்பிக்கை எப்படி உண்டாயிற்று? அந்த நம்பிக்கையை விற்கும்போதும் வாங்கும்போதும் நாம் எப்படிக் காப்பாற்ற வேண்டும்? இதைத்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். கார், வான் எல்லாம் ஆண்களின் பேச்சு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தக் கதை ஒரு தாயின் தறியில் தொடங்குகிறது.

தாயின் தறி

ஜப்பானில் 1867 இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர் சக்கிச்சி டொயோடா. வீட்டில் அவரது தாயார் கைத்தறியில் துணி நெய்வார். அந்தப் பாட்டைப் பார்த்து வளர்ந்த மகன், தறியை இலகுவாக்க வேண்டும் என்று மரத்தோடும் உளியோடும் பாடுபட்டார். 1891 இல் அவரது முதலாவது கைத்தறிக்குக் காப்புரிமை கிடைத்தது. அதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1924 இல் அவரும் அவரது மகன் கீச்சிரோவும் சேர்ந்து ஒரு தானியங்கித் தறியை வெளியிட்டார்கள்.

அந்தத் தறியின் சிறப்பைக் கவனியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நூல் அறுந்தால், தறி தானாகவே நின்றுவிடும். அதற்கு முன்பிருந்த தறிகளில் நூல் அறுந்தது தெரியாமல் முழம் முழமாகப் பழுதான துணி நெய்யப்பட்டுவிடும். வாங்குகிறவர் வீட்டுக்குப் போய் விரித்த பிறகுதான் குறை தெரியவரும். டொயோடாவின் தறியோ பழுதை வாசலைத் தாண்ட விடாது. "இதோ குறை இருக்கிறது, வந்து பார்" என்று நின்று காட்டும்.

1929 இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்தார் 1 இலட்சம் பவுணுக்கு அந்தத் தறியின் உரிமையை வாங்க ஒப்பந்தம் செய்தார்கள். அந்தத் தறித் தொழிற்சாலைக்குள்தான் 1933 இல் கீச்சிரோ மோட்டார் வாகனப் பிரிவை ஆரம்பித்தார். 1937 இல் டொயோட்டா மோட்டார் கம்பனி பிறந்தது. குடும்பப் பெயர் டொயோடா. வாகனத்துக்கு டொயோட்டா என்று சற்று மாற்றி வைத்தார்கள். 1950 இல் கம்பனி நொடித்துப்போகும் நிலைக்கு வந்து, ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் ஏற்பட, கீச்சிரோ பதவியைத் துறந்தார். பிறகு கம்பனி தலைநிமிர்ந்தது. 1966 இல் கொரோலா காரும் 1967 இல் ஹயஸ் வானும் வந்தன.

தறியின் பாடத்தை அவர்கள் கார்த் தொழிற்சாலைக்கும் கொண்டு போனார்கள். அங்கே வேலை செய்யும் சாதாரணத் தொழிலாளிகூட, ஒரு குறையைக் கண்டால் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம். முதலாளி வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிச் சொல்வதால் அவர்கள் தவறே செய்யாதவர்கள் என்று எண்ண வேண்டாம். 2009, 2010 ஆம் ஆண்டுகளில் வேகமிதியில் கண்ட குறைகளுக்காக இலட்சக்கணக்கான வாகனங்களைத் திருப்பி அழைக்க நேர்ந்தது. சக்கிச்சியின் கொள்ளுப்பேரன் அகியோ டொயோடா அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன் போய் மன்னிப்புக் கேட்டார். அக்குறைகள் பற்றி வாடிக்கையாளரைத் தவறாக நம்பவைத்ததற்காக 2014 இல் அந்தக் கம்பனி 120 கோடி டொலர் தண்டம் செலுத்தியது. குறையைக் காட்டிப் பெயர் எடுத்தவர்கள், குறையை மறைத்துத் தலைகுனிந்தார்கள். இதில் நமக்குப் படிப்பினை இல்லையா?

குடாநாட்டு வாகனங்கள்

நம் யாழ்ப்பாணத்துக்கு வருவோம். நம் மூத்தவர்கள் காலத்தில் குடாநாட்டு வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் இங்கிலாந்துக் கார்கள். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் என்ற பெயர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1977 இல் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு ஜப்பான் வாகனங்கள் பெருகின.

என் வாப்பாவும் ஒரு பழைய ஹயஸ் வான் வைத்திருந்தார். புடவைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு பருத்தித்துறை, சாவகச்சேரி என்று வியாபாரத்துக்குப் போவார். 1990 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. வானும் போயிற்று, வீடும் போயிற்று. புத்தளத்து அகதி முகாமில் வாப்பா சட்டைப் பையிலிருந்து வெறும் சாவியை எடுத்துப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அந்தத் தொண்ணூறுகளில் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தது. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் என்று இங்கே இருந்தவர்கள் சொல்வார்கள். அழுத்தம் குறைந்த என்ஜின் கொண்ட பழைய ஏ40களும் மொறிஸ்களும் அதைத் தாங்கின. அதனால்தான் உலகமே கைவிட்ட அந்தக் கார்கள் இங்கே நெடுங்காலம் உயிரோடு இருந்தன.

2009 இல் யுத்தம் முடிந்து பாதை திறந்த பின், நம் குடும்பங்கள் புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்குமாக அலைந்த காலத்தில் ஹயஸ் வான்தான் கைகொடுத்தது. பாதி வீடு அங்கே, பாதி வீடு இங்கே. மையித்துக்கும் மங்கலத்துக்கும் ஒரே இரவில் புறப்பட வேண்டும். "டொல்பின்" என்று நம்மவர் பெயர் வைத்த அந்த வானின் டீசல் என்ஜின் எளிமையானது; சாதாரண கராஜிலும் கழற்றிப் பூட்டலாம். என்ஜின் முன் சீற்றுக்கு அடியில் இருப்பதால், முன்னால் உட்கார்ந்து வந்த சகோதரிகள் அந்தச் சூட்டை நன்கு அறிவீர்கள். ஆனால் தண்ணீர் குறைந்து என்ஜின் அளவு மீறிச் சூடேறினால், எந்தப் பெயர் போன வாகனமும் தாங்காது.

சூடாக்கி வைத்த என்ஜின்

2013 இல் நானும் என் தம்பியும் சேர்ந்து ஒரு டொல்பின் வான் வாங்கினோம். தம்பி ஹயர் ஓட்டுவார், குடும்பத்துக்கும் உதவும். மீற்றரில் 1,30,000 கிலோமீற்றர் காட்டியது. விற்றவரும் அல்லாஹ்வைச் சாட்சி வைத்துப் பேசினார். வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் என் மனைவி உள்ளே கூட்டித் துடைத்தபோது, சீற்றுக்கு அடியில் ஒயில் மாற்றிய பழைய அட்டை ஒன்று கிடைத்தது. அதில் எழுதியிருந்த கணக்கு 2,18,000! மீற்றரைப் பின்னுக்குச் சுற்றி விற்றிருக்கிறார்கள். கேட்கப் போனால், "எனக்கும் இப்படித்தான் வந்தது" என்று கைவிரித்துவிட்டார்கள்.

ஆனாலும் வான் எட்டு வருடம் உழைத்தது. அதன் பிறகு எங்களுக்குச் சோதனை வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை பழைய வாகனங்களுக்குத் தங்க விலை. 2021 இல் தம்பியின் கையில் பணம் இல்லை. என் வீட்டுக் கூரையும் பாதியில் நின்றது. வானை விற்போம் என்று முடிவு செய்தோம்.

வானில் ஒரு குறை இருந்தது. முந்திய வருடம் ஒரு தடவை சூடேறியதிலிருந்து தண்ணீர் மெல்ல மெல்லக் குறையும். காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை தள்ளும். ஹெட் கழற்றி வேலை செய்ய வேண்டும் என்று மெக்கானிக் ஐயா சொல்லியிருந்தார். ஆனால் என்ஜின் சூடாகிவிட்டால் ஒன்றும் தெரியாது.

வாங்க வருபவர் தென்மராட்சியைச் சேர்ந்த ஒரு தமிழ்ச் சகோதரர். முதல்நாள் இரவு தரகர் வந்து, "மௌலவி, ஆள் பத்து மணிக்கு வருவார். நீங்கள் எட்டு மணிக்கே கோண்டாவில் மட்டும் ஒருக்கா ஓடிப்போட்டு வந்து நிப்பாட்டி வையுங்கோ. சூட்டில புகை தெரியாது. கேக்காததைச் சொல்லத் தேவையில்லை. அவர் எங்கட ஆளும் இல்லைத்தானே" என்றார்.

சகோதரிகளே, உங்களிடம் மறைக்க மாட்டேன். நான் உடனே மறுக்கவில்லை. அரபுக் கல்லூரியில் ஓதிய வியாபாரச் சட்டங்கள் எல்லாம் அந்த நேரம் எங்கோ ஒளிந்துகொண்டன. கூரைத் தகரத்தின் விலைதான் மனதில் ஓடியது. தரகர் போன பிறகு என் மனைவி அலுமாரியைத் திறந்து, அந்த ஒயில் அட்டையை எடுத்து வந்து என் முன் வைத்தார். எட்டு வருடமாகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்!

"இஞ்சாருங்கோ, இதைப் பார்த்த அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீங்கள் என்று ஞாபகம் இருக்கா? வாங்க வாறவர் எங்கட ஆள் இல்லாமல் இருக்கட்டும். விக்கிற நாங்கள் யார்?"

மறுநாள் காலை அவர் வந்தபோது என்ஜின் குளிர்ந்தே இருந்தது. ஸ்டார்ட் செய்து புகையைக் காட்டினேன். ஹெட் வேலை இருக்கிறது என்பதையும் மீற்றர்க் கணக்கு பொய் என்பதையும் சொல்லி, அட்டையையும் கொடுத்தேன். மூன்று இலட்சம் குறைத்துக் கேட்டார். கொடுத்துவிட்டோம். தம்பிக்கு வருத்தம்தான், ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் கூரையும் இன்னும் ஒரு மாரிக்கு ஒழுகியது.

கட்டி வைத்த மடி

கேட்காததைச் சொல்லத் தேவையில்லை என்பது தரகரின் சட்டம். மார்க்கத்தின் சட்டம் அதுவல்ல. அன்றைய அரபு நாட்டில், ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதற்கு முன் சில நாட்கள் பால் கறக்காமல் மடியைக் கட்டி வைப்பார்கள். வாங்குகிறவர் நிறைந்த மடியைக் கண்டு ஏமாறுவார். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் கறந்த பாலுக்காக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்று உரிமையும் வழங்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகி இருக்கிறது. பின்னுக்குச் சுற்றிய மீற்றரும், முன்கூட்டியே சூடாக்கி வைத்த என்ஜினும் இந்தக் கட்டி வைத்த மடி அல்லாமல் வேறென்ன?

மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட சம்பவம் உங்களுக்குத் தெரியும். மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதுதான் நபியவர்களின் கேள்வி. நனைந்தது குற்றமல்ல, அதை அடியில் ஒளித்ததே குற்றம்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. பழுதான ஒரு துணியின் குறையைச் சொல்லி விற்கும்படி பங்காளியிடம் கொடுத்திருந்தார்கள். அவர் மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவரைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. இமாமவர்கள் அந்தப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மறதிக்கே இப்படி என்றால், தெரிந்து மறைப்பதற்கு என்ன சொல்வது?

குறை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நம் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்கள் "கியாருல் ஐப்" என்ற தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. வாங்குபவர் முஸ்லிமா இல்லையா என்பது இதில் பேச்சே அல்ல.

உங்கள் பங்கு

வாகனம் வாங்குவதும் விற்பதும் ஆண்கள் என்றாலும், அதன் வரலாறு உங்களுக்குத்தான் தெரியும். எந்தப் பயணத்தில் நடுவழியில் நின்றது, எப்போது திருத்த வேலைக்குப் போனது என்பதெல்லாம் உங்கள் நினைவில் இருக்கும். அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திருத்த வேலை செய்த பில்களைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கும்போது, விடியற்காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும் நேரம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மீற்றரை மட்டும் நம்பாமல் மிதிகளின் தேய்மானத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். விற்கும்போது, "குறையைச் சொன்னீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு வார்த்தை அறுந்த நூலில் நின்ற தறியைப் போல, ஹராமான காசு வீட்டுக்குள் வருமுன் தடுத்துவிடும்.

எங்கள் வானை வாங்கியவரைச் சென்ற வருடம் சாவகச்சேரிச் சந்தையில் கண்டேன். வாங்கிய கிழமையே ஹெட் வேலை செய்துவிட்டாராம். 2022 இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், ஒரு நள்ளிரவில், பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியை அந்த வானில்தான் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போனாராம். "ஆம்பிளைப் பிள்ளை, ஐயா. நீங்கள் அன்றைக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் ஹெட்டைக் கழற்றியிருக்க மாட்டன். எங்கே நின்றிருக்குமோ தெரியாது" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மூன்று இலட்சத்தைப் பற்றி அன்று நாங்கள் இருவரும் பேசவில்லை.

நம் கொடுக்கல் வாங்கல்களில் உண்மையையும் பரக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! பிறரின் பிரயாணம் நம்மால் நடுவழியில் நிற்காமல் காப்பானாக! ஆமீன்.