புளூட்டோவை விட்டது தீர்க்கதரிசனமா?

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. புளூட்டோ கிரகம் அல்ல என்று விஞ்ஞானிகள் 2006-இல்தான் ஒப்புக்கொண்டார்களாம். நம் முன்னோர்களுக்கு அது அன்றே தெரிந்ததால்தான் நவக்கிரகத்தில் அதைச் சேர்க்கவில்லையாம். எனக்கு இதை அனுப்புகிறவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உண்டு. அதுதான் எரிச்சல்.

நவக்கிரகத்தில் யுரேனஸ் இல்லை, நெப்டியூனும் இல்லை. புளூட்டோவை விட்டது தீர்க்கதரிசனம் என்றால் இவற்றை விட்டதற்கு என்ன பெயர்? நாம் நிற்கும் பூமியே அங்கில்லை. சூரியனும் சந்திரனும் இருக்கிறார்கள். ராகுவும் கேதுவும் வானத்தில் மிதக்கும் உருண்டைகள் அல்ல. சூரியனின் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டும் இரண்டு புள்ளிகள். அந்தப் புள்ளிகளை வைத்துக் கிரகணத்தைக் கணக்கிட்டார்களே, அதற்குப் பெருமைப்படுங்கள், நானும் கூட வருகிறேன். அவர்கள் போட்டது வேறு பட்டியல், வேறு காரியத்துக்கு. சொல்லாததைச் சொன்னதாக அவர்கள் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

பிராக் நகரில் 2006 ஆகஸ்ட் 24 அன்று நடந்தது தரம் மாற்றம், அவ்வளவே. சூரியனைச் சுற்ற வேண்டும், உருண்டையாக இருக்க வேண்டும், தன் பாதையில் வேறு பொருள்கள் மண்டிக் கிடக்கக் கூடாது. மூன்றாவதில் புளூட்டோ தோற்றது. 1801-இல் கண்டுபிடித்த சீரிஸையும் பல ஆண்டுகள் கிரகம் என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்தவர்கள்தான். பதிவேட்டில் தரிசைப் புஞ்சை என்று திருத்தினால் நிலம் நகர்ந்துவிடுமா? அந்த வரையறையிலும் ஓட்டை உண்டு. வேறு நட்சத்திரங்களைச் சுற்றுபவை அதற்குள் வரவே இல்லை.

நான் பிரெஞ்சில் படித்தவன். கணக்குப் போட்டே நெப்டியூனின் இடத்தைச் சொன்ன லெவெரியே எங்களுக்குக் கதாநாயகன். அவரே புதனுக்கு உள்ளே வல்கன் என்றொரு கிரகம் உண்டு என்றும் சொன்னார். அப்படி ஒன்று கிடையாது. அதனால் நெப்டியூன் கணக்கின் மதிப்பு குறைந்தா போயிற்று?

பெருமை வேண்டுமென்றால் சந்தவாசலிலிருந்து மேற்கே பாருங்கள். அந்த ஜவ்வாது மலையில்தான் காவலூர் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அங்கிருந்தும் கவனித்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது அந்த நிகழ்வில்தான். 1988-இல் அங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர், எண் 4130. இதைப் பற்றி எனக்கு இதுவரை ஒருவரும் ஒரு வரி அனுப்பியதில்லை.