'பி' டீம் பிள்ளைக்கு எந்த கிளப்?

"உங்க பையன் எந்த டீம்?"

சாயங்காலம் மைதானத்து ஓரம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நிற்கிற அம்மாக்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. 'ஏ' டீம் என்றால் பதில் சட்டென்று வந்துவிடும். 'பி' டீம் என்றால்..? "இப்பத்தான் சேர்ந்திருக்கான்", "படிப்பையும் பாக்கணும்ல" என்று கூடவே ஏதாவது ஒரு சமாதானத்தைச் சேர்த்துத்தான் சொல்வோம். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். அந்தக் கூச்சம் என் பிள்ளையை என்ன பாடு படுத்தியது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் திண்டுக்கல்லில் ஃபுட்பாலுக்குப் பஞ்சமில்லை. புனித மரியன்னை பள்ளி மைதானத்தில் பந்து உருளுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் இங்கே நிறைய. முன்பெல்லாம் ஆட்டம் என்றால் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர்தான் எல்லாம். இப்போது மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தரும் கிளப்புகளும் அகாடமிகளும் வந்துவிட்டன. சின்னாளபட்டி, வத்தலக்குண்டு பக்கமிருந்தெல்லாம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வருகிறார்கள். கிளப் அதிகமானால் தேர்ந்தெடுக்கும் குழப்பமும் அதிகமாகத்தானே செய்யும்?

என் பையனுக்குப் பதினொரு வயது. நவம்பரில் பிறந்தவன். ஒரு கிளப்பில் இரண்டு வருஷமாக 'பி' டீமில் ஆடிக்கொண்டிருந்தான். சந்தோஷமாகத்தான் ஆடினான். வீட்டுக்கு வந்ததும் யார் எப்படிப் பந்தைத் தட்டினான் என்று சாப்பாட்டுத் தட்டிலேயே கோடு போட்டுக் காட்டுவான். பொறுக்கவில்லை எங்களுக்கு! என் கொழுந்தன் ஒருநாள் வந்து, "இங்கயே கெடந்தா கடைசி வரைக்கும் 'பி' டீம்தான் அண்ணி. வேற கிளப்ல கேட்டேன். நேரா 'ஏ' டீம்லயே போட்டுக்கிறேங்கிறாங்க" என்றார். மூன்று மாதக் கட்டணம், புது ஜெர்சி, புது பூட்... எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு வந்தோம்.

'ஏ' டீமில் போட்டார்கள். பெஞ்சில் உட்காரப் போட்டார்கள் என்று சொல்வதுதான் சரி. நான்கு மாதத்தில் அவன் களத்தில் இறங்கிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் அரை மணி நேரம்கூட வராது. அதிலும் பாதி, ஜெயிப்பது உறுதியான பிறகு கடைசி ஐந்து நிமிஷம். பெரிய பையன்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் சனிக்கிழமை காலைகளில் வயிற்று வலி ஆரம்பித்தது. ஓமவாட்டர் கொடுத்தேன். கஷாயம் வைத்தேன். பூச்சி மாத்திரையும் கொடுத்தாகிவிட்டது. கடைசியில் டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சனிக்கிழமை மட்டும்தான் வலிக்குதாம்மா?" எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை மேட்ச் நாள்.

அதோடு போகவில்லை. பரிசோதிக்கும்போது பையன் குதிகாலை இழுத்துக்கொண்டான். ஒரு மாதமாகவே வலியாம். சொன்னால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறான். எட்டு வயதிலிருந்து பதினாலு வயது வரை, வளர்கிற பருவத்தில் இது சகஜமாக வரும். குதிகால் எலும்பின் பின்பக்கம் வளர்ச்சிக்கான மெல்லிய பகுதி ஒன்று உண்டு. எலும்பு வேகமாக நீளும்போது கெண்டைக்கால் தசை அதைப் பிடித்து இழுக்கும். அதன்மேல் ஓட்டமும் குதியும் சேர்ந்தால் வலி. சில பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு லேசாகப் புடைத்து வலிக்கும். அதுவும் இதே கதைதான். பயப்படுகிற நோய் இல்லை. ஓட்டத்தைக் குறைத்து, ஐஸ் ஒத்தடம் கொடுத்து, தசையை நீட்டும் பயிற்சி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் பிள்ளை வாய் திறந்து சொல்ல வேண்டுமே! சொல்லப் பயப்படுகிற இடத்தில் பிள்ளையை விட்டது யார்? கொழுந்தனைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. பணம் கட்டியது நாங்கள்தான்.

ஆகவே என் கட்சி இதுதான். 'பி' டீம் பிள்ளைக்கு கிளப் தேடுகிறீர்களா? அந்த கிளப்பின் 'ஏ' டீமைப் பார்க்காதீர்கள். சுவரில் மாட்டிய கோப்பைகளையும் பார்க்காதீர்கள். 'பி' டீமுக்குப் பயிற்சி நடக்கிற நேரமாகப் பார்த்துப் போய், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மணி நேரம் நில்லுங்கள்.

கோச் யார்? 'ஏ' டீமுக்கு ஆடுகிற பெரிய பையனிடம் விசிலைக் கொடுத்துவிட்டு மாஸ்டர் செல்போனில் இருக்கிறாரா? எத்தனை பந்து இருக்கிறது? இருபது பிள்ளைக்கு இரண்டு பந்து என்றால் மீதி நேரமெல்லாம் வரிசையில் நிற்பதுதான் பயிற்சி. தப்புச் செய்தவனை எப்படித் திருத்துகிறார்? மேட்ச் அன்று எல்லாரையும் இறக்குகிறாரா? பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு பாதி நேரமாவது ஆட்டம் கிடைக்க வேண்டும். காலில் பந்து பட்டால்தான் ஆட்டம் வரும். பெஞ்சு தேய்ந்தால் வராது. பெரிய பெயர் உள்ள கிளப்பில் உட்கார்ந்திருப்பதைவிட, தெருக்கோடி கிளப்பில் ஆடுவது மேல் என்பேன்.

சரி, 'பி' டீம் என்றால் திறமை குறைவு என்றுதானே அர்த்தம் என்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. வயதுப் பிரிவுகளை ஜனவரி 1 கணக்கில் பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் நவம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பதினொரு வயதில் பத்து மாதம் என்பது சாதாரணமா? உயரம், எடை, மூச்சு எல்லாவற்றிலும் தெரியும். கோச் கண்ணுக்குப் பெரியவன்தான் கெட்டிக்காரனாகத் தெரிவான். கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எடுத்துப் பார்த்து, வருஷத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்று 1985-லேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஃபுட்பாலிலும் அதே கதைதான் என்று பிறகு பல நாடுகளில் கண்டார்கள். நம் வீட்டு நவம்பர், டிசம்பர் பிள்ளைகள் 'பி' டீமில் இருப்பதற்குப் பாதிக் காரணம் காலண்டராகக்கூட இருக்கலாம்!

பிரான்ஸின் கிரீஸ்மான் சிறுவனாக இருந்தபோது உடம்பு சின்னது என்று அந்த நாட்டு கிளப்புகள் பலவும் திருப்பி அனுப்பின. ஸ்பெயினில் ஒரு கிளப்தான் எடுத்துக்கொண்டது. 2018-ல் பிரான்ஸ் உலகக் கோப்பை வாங்கியபோது இறுதி ஆட்டத்தில் கோல் போட்டவர்களில் அவரும் ஒருவர். எல்லாப் பிள்ளையும் கிரீஸ்மான் ஆகிவிடாது, எனக்குத் தெரியும். பதினொரு வயதில் ஒட்டுகிற சீட்டை நம்பாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

நார்வேக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். குழந்தைகள் விளையாட்டுக்கென்றே 1987-ல் விதிகள் கொண்டுவந்தார்கள். பதினொரு வயது ஆகும் வருஷம் வரை எந்த டீம் முதலிடம், எது கடைசி என்ற பட்டியலை வெளியிடக் கூடாது. ஆடலாம், ஜெயிக்கலாம், தோற்கலாம். அட்டவணை மட்டும் கிடையாது. சுமார் 55 லட்சம் பேர் உள்ள அந்தச் சின்ன நாட்டிலிருந்துதான் எர்லிங் ஹாலண்ட் வந்தார்.

நம் வீட்டு அப்பாக்களுக்கு வேறு கணக்கு. சர்டிஃபிகேட்! தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கு விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, அரசு வேலையில் 3 சதவீதம் உண்டு, உண்மைதான். அதற்கெல்லாம் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் மாநில, தேசிய அளவில் ஆடியிருக்க வேண்டும். ஏதோ ஒரு ஊரில் நுழைவுக் கட்டணம் கட்டி ஆடுகிற தனியார் போட்டியின் பளபள சர்டிஃபிகேட்டை நம்பி ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை கிளப் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உடம்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நான்கு மணிக்கே பயிற்சியை ஆரம்பிக்கிற கிளப்பா? வேண்டாம். தண்ணீர் குடிக்க இடைவேளை விடாவிட்டால் 'பாடம்' கற்றுக்கொள்வது சிறுநீரகம்தான். ஆடிக் காற்றில் நம் ஊர் மைதானத்து மண் கண்ணில் அப்பும். ஒரு நாள் லீவு விட்டால் குடி முழுகிவிடாது. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். ஒரு வாரத்துப் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் ஒரு கணக்கு சொல்கிறார்கள். பதினொரு வயது என்றால் எல்லா விளையாட்டும் சேர்த்து பதினொரு மணி நேரம். தலையால் முட்டும் பயிற்சியை ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாமென்று இங்கிலாந்தில் 2020-ல் அறிவித்துவிட்டார்கள். நம் கோச்சிடமும் கேட்டுப் பாருங்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

பெண் பிள்ளை என்றால் கழிப்பறை இருக்கிறதா, வெளியூர் மேட்சுக்குப் பெண் ஒருவர் கூட வருகிறாரா என்பது முதல் கேள்வி. பையனுக்கும் அது பொருந்தும். பெற்றோர் மைதானத்துக்கு வரக்கூடாது என்று சொல்கிற இடத்தில் பிள்ளையை விடவே விடாதீர்கள்.

நாங்கள் குதிகால் ஆறும்வரை ஆறு வாரம் வீட்டில் வைத்திருந்துவிட்டுப் பழைய கிளப்புக்கே போய் நின்றோம். மாஸ்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாடா, லெஃப்ட் பேக்ல நில்லு" என்றார், அவ்வளவுதான். சனிக்கிழமை வயிற்று வலி போன இடம் தெரியவில்லை. ராத்திரி தட்டில் சாம்பாரில் கோடு போடுகிற வேலை திரும்பவும் ஆரம்பமாகிவிட்டது. திட்டுவதில்லை.

'ஏ' டீம் ஜெர்சியா? அதைக் கொழுந்தன் மகன் போட்டுக்கொண்டு டியூஷனுக்குப் போகிறான்.