திரையில் யாருடைய போர்?

வரலாற்று அருங்காட்சியகங்கள் போர்ப் படங்களைப் பொதுமக்களுக்கு இலவசமாகத் திரையிடுவது பல நாடுகளில் உள்ள வழக்கம். டிக்கெட் வாங்க வசதி இல்லாதவரும் போய்ப் பார்க்கலாம். பாடப்புத்தகத்தில் நான்கு வரியில் படித்த போரை மாணவர்கள் இரண்டு மணி நேரம் கண்ணால் காணலாம். நம் மாவட்ட அரசு அருங்காட்சியகங்களிலும் இது நடக்க வேண்டும். ஆனால் எந்தப் படத்தைப் போடுகிறோம், அதில் யாருடைய முகம் தெரிகிறது என்பது முக்கியம்.

ஒரு படத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் பிரான்சில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அல்ஜீரியா, மொராக்கோ, செனகல் போன்ற காலனி நாடுகளின் மக்கள் பிரான்சுக்காகப் போரிட்டார்கள். 1959இல் வந்த ஒரு சட்டம் அவர்களுடைய ஓய்வூதியத்தை அப்படியே நிறுத்தி வைத்தது. அதே போர்முனையில் நின்ற பிரெஞ்சு வீரருக்கு ஓய்வூதியம் ஏறிக்கொண்டே போனது, இவர்களுக்கு ஏறவில்லை. மனுப் போட்டார்கள், வழக்காடினார்கள், வயதாகிச் செத்தும் போனார்கள்.

2006இல் ரஷீத் புஷாரெப் இயக்கிய ‘இந்திஜென்’ என்ற படம் இந்த வீரர்களின் கதையைச் சொன்னது. அதிபர் ழாக் சிராக் அதைப் பார்த்தார். படம் திரைக்கு வந்த நேரத்திலேயே ஓய்வூதியத்தைச் சமமாக்கும் முடிவை அரசு அறிவித்தது. 23 நாடுகளைச் சேர்ந்த சுமார் 80,000 பேர் இதனால் பயன்பெறுவார்கள் என்று சொல்லப்பட்டது. ஆனால் அத்தனை ஆண்டு பாக்கியை யாரும் தரவில்லை.

சம்பளம் கேட்டதற்காகவே சுடப்பட்டவர்களும் உண்டு. ஜெர்மனியரிடம் போர்க்கைதிகளாக இருந்து மீண்ட ஆப்பிரிக்க வீரர்கள், செனகலில் தியாரோய் முகாமில் தங்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1 அன்று பிரெஞ்சுப் படையே அவர்களைச் சுட்டது. அரசு முதலில் சொன்ன கணக்கு 35 பேர். உண்மையில் பல மடங்கு என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். அந்தப் போரில் படைவீரராக இருந்த உஸ்மான் செம்பேன், தியாரோய் படுகொலையை 1988இல் படமாக்கினார். அது படுகொலைதான் என்று பிரெஞ்சு அதிபர் ஒப்புக்கொண்டது 2024இல்.

அமெரிக்க உள்நாட்டுப் போரைச் சொல்லும் ‘குளோரி’யிலும் இதே சம்பளப் பிரச்சினை வருகிறது. வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். கறுப்பின வீரருக்கு 10 டாலர், அதிலும் துணிக்காக 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 54ஆவது படைப்பிரிவினர் இந்தக் குறைந்த சம்பளம் வேண்டாம் என்று மறுத்துவிட்டு, சம்பளமே இல்லாமல் சண்டையிட்டார்கள். 1864இல்தான் சமச் சம்பளம் வந்தது.

இதெல்லாம் நமக்கு அன்னியக் கதை அல்ல. பீமா கோரேகானில் 1818 ஜனவரி 1 அன்று நடந்த போரில் உயிர்விட்ட மகர் வீரர்களின் பெயர்கள் அங்குள்ள தூணில் இருக்கின்றன. 1927இல் அண்ணல் அம்பேத்கர் அங்கே போய் நின்றார். அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். அப்படிப்பட்ட சமூகத்தை ‘போர்க்குடி அல்ல’ என்று சொல்லி, 1890களில் ஆள் எடுப்பதை ஆங்கிலேயர் நிறுத்தினார்கள். முதல் உலகப் போர் முற்றியதும் 1917இல் மகர் படைப்பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். போர் முடிந்ததும் 1921இல் கலைத்தார்கள். அடுத்த போரில் 1943இல் சமார் ரெஜிமென்ட். அதுவும் 1946இல் கலைக்கப்பட்டது. போர் வந்தால் கூப்பிட்டார்கள். முடிந்ததும் போகச் சொன்னார்கள்.

சென்னை மாகாணப் படையிலும், அதன் சாப்பர்ஸ் பிரிவிலும் பறையர் சமூகத்தவர் ஏராளமாக இருந்தார்கள். முதல் உலகப் போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று பொறித்த கல் தமிழகத்தில் சில ஊர்களில் இன்றும் இருக்கிறது. அந்தக் கல்லில் எண்தான் உண்டு, பெயர் இல்லை.

வெள்ளைக்காரன் படையில் சேர்ந்ததில் என்ன பெருமை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஊர்ப் பள்ளிக்கூடம் வாசலிலேயே நிறுத்திய காலத்தில் படைமுகாம் பள்ளியில்தான் நம்மவர் பலர் எழுத்தைக் கற்றார்கள். ஆள்சேர்ப்பு நின்றபோது அந்த வழியும் அடைபட்டது. போரைக் கொண்டாட வேண்டாம். அதில் செத்தவன் யார், கூலி பெறாதவன் யார் என்று தெரிந்துகொள்ளலாமே.

எனவே அருங்காட்சியகத் துறைக்குச் சில கோரிக்கைகள். உரிய அனுமதி பெற்று இத்தகைய படங்களைத் திரையிடுங்கள். பிறமொழிப் படமானால் முன்பே கதையைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவரை நிறுத்துங்கள். ஞாயிறு பகலில் வையுங்கள். கிராமத்தார் பார்த்துவிட்டுப் பொழுதோடு பஸ் ஏற வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களை அழைத்து வாருங்கள். படம் முடிந்ததும் ஒரு மேசை போட்டு, பட்டாளத்துக்குப் போனவர்களின் பெயர், ஊர், படைப்பிரிவு ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். மெடலையும் பழைய காகிதங்களையும் படமெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள்.

மாணவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் தெருக்களில் ‘பட்டாளத்தார் வீடு’ என்று சொல்லப்படும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுத் தகரப் பெட்டியில் கரையான் அரிக்காத காகிதம் ஏதாவது மிச்சம் இருக்கலாம். அங்குள்ள பெரியவர்களிடம் போய், யார் போனார், எங்கே போனார், திரும்பி வந்தாரா என்று கேட்டு எழுதுங்கள். கல்லில் விடுபட்ட பெயர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது இருக்கட்டும்.