வெளியேறும் வழியைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்

சிறிய இணையதளம் தொடங்க எந்த ஹோஸ்டிங் நிறுவனம் நல்லது என்று கேட்டு அடிக்கடி எனக்குப் போன் வரும். மதுரையில் சிறு அமைப்புகளுக்குத் தளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். வாசகர் வட்டம், பழைய மாணவர் சங்கம், கைத்தறிக் கூட்டுறவு, நாட்டு விதை காப்பவர்கள் என்று கேட்பவர்கள் எல்லோருமே குறைந்த பணத்தில் பெரிய காரியம் செய்பவர்கள். அவர்களிடம் நான் நிறுவனத்தின் பெயர் எதையும் சொல்வதில்லை. இன்று ஒழுங்காக நடக்கும் நிறுவனம் நாளை கைமாறலாம், விலையை ஏற்றலாம், கடையையே மூடலாம். அதனால் பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன்: “நாளைக்கே நான் கிளம்ப நினைத்தால் என் பொருளை எல்லாம் எடுத்துக்கொண்டு போக முடியுமா?” இதற்கு நேராகப் பதில் சொல்லும் நிறுவனத்தைத்தான் நம்பலாம்.

முதலில் டொமைன். தளத்தின் பெயரும், கோப்புகள் இருக்கும் ஹோஸ்டிங்கும் தனித்தனி என்பது பலருக்குத் தெரியாது. ஹோஸ்டிங் வாடகை வீடு, டொமைன் பட்டா. வீட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பட்டா அடுத்தவர் பெயரில் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. தஞ்சைப் பக்கம் ஒரு விதைக் குழு. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி என்று ஒவ்வொரு நெல்லும் எத்தனை நாள் பயிர், எந்த மண்ணுக்கு ஏற்றது, விதை யாரிடம் கிடைக்கும் என்றெல்லாம் தளத்தில் எழுதி வைத்திருந்தார்கள். தளத்தை அமைத்தவர் டொமைனைத் தன் சொந்த மின்னஞ்சலில் பதிந்துவிட்டு, வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். ரெனியூவல் நினைவூட்டல்கள் அவர் திறந்தே பார்க்காத அந்த மின்னஞ்சலுக்குப் போயின. பெயர் காலாவதியானதும் வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். குழுவின் விதைப் பொட்டலங்களில் அச்சான முகவரியைத் தட்டினால் இப்போது ரம்மி விளம்பரம் வருகிறது. கோப்புகளை என்னால் மீட்டுத்தர முடிந்தது. பெயர் போனது போனதுதான்.

ஆகவே, டொமைனை அமைப்பின் பொது மின்னஞ்சலில் பதியுங்கள். கடவுச்சொல் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கட்டும். ஹோஸ்டிங்கோடு ‘இலவச டொமைன்’ தருகிறோம் என்றால், அது யார் பெயரில் பதிவாகிறது, விலகும்போது கையோடு வருமா என்று எழுத்தில் கேளுங்கள். டாட் காம், டாட் ஆர்க் போன்ற பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் விதிப்படி, உரிமையாளர் கேட்டால், பெயரைப் பதிந்த நிறுவனம் ஐந்து நாளுக்குள் வேறிடத்துக்கு மாற்றுவதற்கான குறியீட்டைக் கொடுத்தாக வேண்டும். இந்த உரிமை இருப்பது தெரியாமலே பலர் பிடிக்காத இடத்தில் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது பேக்கப். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து போனது. ஐரோப்பாவின் பெரிய ஹோஸ்டிங் நிறுவனம் அது. லட்சக்கணக்கான தளங்கள் ஒரே காலையில் நின்றன. வேறு ஊரில் பேக்கப் வைத்திருந்தவர்கள் திரும்ப எழுந்தார்கள். பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த சிலருக்கு எதுவுமே மிஞ்சவில்லை. ‘தினசரி பேக்கப் உண்டு’ என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் திருப்தியடைய வேண்டாம். அது எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், முழுவதையும் நானே இறக்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். வேர்ட்பிரஸ் தளமென்றால் படங்களும் கோப்புகளும் மட்டும் போதாது, டேட்டாபேஸும் சேர்ந்து வர வேண்டும். கட்டுரைகள் இருப்பது அதில்தான்.

இறக்கிய பேக்கப்பை ஒருமுறை வேறு இடத்தில் ஏற்றியும் பார்க்க வேண்டும். மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஓர் ஊழியர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸை அழித்துவிட்டார். விதவிதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தற்செயலாகச் சில மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. நிபுணர்கள் நிறைந்த இடத்திலேயே இந்த நிலைமை. சிறு தளத்தின் நகலுக்குப் பெரிய இடமும் வேண்டாம். இரண்டாயிரம் படங்கள், ஒவ்வொன்றும் 300 கேபி என்றாலும் மொத்தம் 600 எம்பிதான். ஒரு பென்டிரைவின் மூலையில் அடங்கிவிடும்.

விலை விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. மாதம் எழுபது, எண்பது ரூபாய் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அந்த விலை வேண்டுமானால் மூன்று, நான்கு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. ரெனியூவலில் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும் என்ற சேதி கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும். ‘அன்லிமிடெட்’ என்பதற்குக் கீழே கோப்புகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு ஒளிந்திருக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டு வழிகாட்டுதல் வெளியிட்டது. கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவது, சந்தாவிலிருந்து விலக விடாமல் பிடித்து வைப்பது எல்லாம் அதில் உள்ளன. ஹோஸ்டிங் சந்தையில் அந்த வழிகாட்டுதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வர வேண்டும். முதல் வருட விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், வரியோடு சேர்த்து ரெனியூவல் விலையும் இருக்க வேண்டும்.

தளம் 99.9 சதவீத நேரம் நிற்காது என்ற வாக்குறுதியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம் என்று அதற்குப் பொருள். அதற்கு மேல் நின்றாலும் பெரும்பாலும் மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு கழிவாகக் கிடைக்கும், அவ்வளவுதான். சிறு தளத்துக்கு அப்படி நிற்பது பெரிய நஷ்டமில்லை. பழுதானால் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்பதுதான் முக்கியம். பணம் கட்டும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு கேள்வி அனுப்பிப் பாருங்கள். கேட்டதற்குப் பதில் வருகிறதா, அச்சடித்த வாசகம் வருகிறதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அவ்வப்போது மட்டும் மாறும் தகவல்தான் உங்களுடையது என்றால் டேட்டாபேஸே வேண்டாம். வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள் போதும். கிட்ஹப் பேஜஸ் போன்ற இடங்களில் 1 ஜிபி வரை இலவசமாகவே வைக்கலாம். ஹேக் செய்பவனுக்கு நுழையும் வாசல் குறைவு. கோப்புறையை அப்படியே தூக்கி எந்த சர்வரில் வைத்தாலும் ஓடும்.

இத்தனை சிறிய தளத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் உண்டு. சின்னது என்பதால்தான் இவ்வளவும். பெரிய நிறுவனத்தின் தளம் போனால் திரும்பக் கட்டப் பணமும் ஆளும் இருக்கும். ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய நெல் விவரம் போனால் அதை வேறு எங்கே தேடுவது? ஜியோசிட்டீஸ் என்ற இலவச இடத்தில் உலகமே பக்கம் கட்டியது. யாஹூ 2009 அக்டோபரில் அதை மூடியது. தன்னார்வலர்கள் முண்டியடித்துச் சேமித்த அளவுதான் மிஞ்சியது. தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமோ தன் மின்னூல்களை எவரும் நகலெடுத்துப் பகிரலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டது. அந்த நூல்கள் எந்த ஒரு சர்வரையும் நம்பி இல்லை.

சங்கங்களுக்கும் குழுக்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வரவு செலவுக் கணக்கைப் பொதுக்குழுவில் வாசிப்பதுபோல், டொமைன் யார் பெயரில் உள்ளது, எப்போது காலாவதியாகிறது, கடைசி பேக்கப் எந்தத் தேதியில் எடுத்தது, அது யாரிடம் இருக்கிறது என்ற நான்கு வரிகளையும் வாசித்து மினிட் புத்தகத்தில் எழுதுங்கள். அந்த நான்கு வரிகள் சரியாக இருந்தால், எந்த நிறுவனம் கவிழ்ந்தாலும் ஒரு வாரத்தில் உங்கள் தளம் வேறிடத்தில் எழுந்துவிடும்.